மிதியும் லேசா வேணும், தூக்கும் முழுசா வேணும்

ஜக்கார்டு பெட்டி ரிப்பேர் பண்றவன் காஞ்சிபுரத்துல பொறக்கவே கூடாது. அப்பிடியே பொறந்துட்டாலும் காது கேக்காம பொறக்கணும்.

என்ன தொழில்டா இதுன்னு கேப்பீங்க, சொல்றேன். பட்டுப்புடவை பார்டர்ல மயிலு, யானை, மாங்கான்னு பாத்து வாய பொளக்கறீங்களே, அதெல்லாம் தானா வந்து உக்காறதில்ல. தறிக்கு மேல, பரண் உயரத்துல, ஒரு இரும்புப் பெட்டி இருக்குது. அதுதான் ஜக்கார்டு. நெய்யறவங்க பள்ளத்துல கால வுட்டு மிதிய அழுத்தினா, கயிறு இழுத்து, பெட்டிக்குள்ள இருக்கற சட்டம் மேல போவும். அது கூடவே பாவுல, அதான் நீளவாக்குல கட்டியிருக்கற இழையில, ஒரு பங்கும் மேல போவும். அந்த சந்துல நூல சொமக்கற நாடாக் கட்டை குறுக்க ஓடும். கால எடுத்தா சட்டம் 'தடால்'னு கீழ வுழும். மறுபடி மிதி, மறுபடி தடால். விடிஞ்சதுலருந்து பொழுது சாயற வரைக்கும் இதே பாட்டுதான்.

என்கிட்ட வர்ற புகாரும் ஒண்ணே ஒண்ணுதான். மிதி கனமா இருக்குது, லேசா பண்ணிக் குடு. பண்ணலாம், யாரு வேணாம்னா? லேசா பண்ணினா கால் ரொம்ப தூரம் போவணும். தூரத்த கொறைச்சா கனம் ஏறும். ரெண்டையும் கொறைச்சா சட்டம் பாதிதான் தூக்கும். மூணும் ஒண்ணா வேணும்னு கேட்டா நான் எங்கருந்து கொண்டாறது? பம்பு செட்டு பாக்கறவங்க, மிக்ஸி ரிப்பேர்காரங்க, டெய்லருங்க, கஸ்டமர்னு ஒருத்தர் கிட்ட மாட்டிக்கினு முழிக்கற அத்தனை பேரும் கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க கிட்ட பொலம்பாம நான் யார்கிட்ட பொலம்பறது?

எட்டாத மிதி

பெரிய காஞ்சிபுரத்துல ஏகாம்பரம்னு ஒரு அண்ணன். ஆளு குள்ளம், கோவம் மட்டும் நெட்டை. "மிதி மிதின்னு தொடையெல்லாம் வுட்டுப்போச்சு, லேசா பண்ணு"ன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நானும் மேல நெம்புகோலா இருக்கற கொம்புல கயித்த நகத்தி நுனியில கட்டினேன். இப்ப சுண்டு விரலால அழுத்தினா கூட எறங்கும், ஆனா ரொம்ப ஆழம் எறங்கும்ணே, பாத்துக்கங்கன்னு படிச்சு படிச்சு சொன்னேன். தலைய ஆட்டினாரு. மறுநாள் டீக்கடையில என் சட்டைய புடிக்காத கொறை. மிதிய தொரத்திக்கினே போனதுல மனுஷன் பலகையிலருந்து வழுக்கி பள்ளத்துக்குள்ளயே உக்காந்துட்டாராம். "காலு லேசாத்தான்யா இருக்குது, எட்டலயே!"ன்னு கத்தறாரு, கடையில இருந்தவன்லாம் சிரிக்கறான்.

சரி, வந்து பழையபடி மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்குள்ள அவரே மண்டைய ஒடைச்சு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. எட்டற வரைக்கும் மிதிச்சா போதும்னு மிச்சத்துக்கு கட்டைய குடுத்து தடுத்துட்டாரு. சட்டம் பாதி தூக்கிச்சு, சந்து பாதி தொறந்துச்சு, நாடா நேரா பட்டு இழைங்க மேலயே போய் இடிச்சு கொத்தா அறுத்துக்கினு போயிடிச்சு. நான் போனப்ப அவரு சம்சாரம் இழை இழையா முடிச்சு போட்டுக்கினு என் பரம்பரைய திட்டிக்கினு இருந்துச்சு. அண்ணன் என்ன பாத்து அசராம சொன்னாரு: "நீ லேசா பண்ணாம இருந்திருந்தா எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது."

தேவகி அக்கா முட்டி

இதெல்லாம் சிரிச்சுட்டு போற சமாச்சாரம். எங்க தெருவுல தேவகி அக்கா விஷயம் அப்பிடி இல்ல. அக்காவுக்கு வலது முட்டி வீங்கி, கால மடக்கவும் முடியல நீட்டவும் முடியல. டாக்டரு படம் புடிச்சுப் பாத்துட்டு, மிதிக்கறத நிறுத்துங்கம்மான்னு ஒரே வார்த்தையா சொல்லிட்டாரு. தறி மேல யாரோ ஒரு கல்யாணப் பொண்ணோட முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது. தறியும் பாவும் முதலாளியோடது. அவரு அமாவாசை வரைக்கும்தான் பொறுப்பேன், அதுக்குள்ள தறி ஒழுங்கா ஓடலன்னா பாவ அவுத்து வேற வூட்டுக்கு மாத்திடுவேன்னு ஆள் வுட்டு சொல்லிட்டாரு. அக்கா வூட்டுக்காரரு மணி அண்ணன் ஒரகடம் பக்கம் கம்பெனியில ஷிப்ட்டு. பொண்ணு காலேஜு. சோத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல.

அதனால நானும் வாய் சும்மா இல்லாம, "வுட்டுத் தள்ளுக்கா, ரெஸ்ட்டு எடு"ன்னு சொல்லிட்டேன். அக்கா மொறைச்ச மொறைப்புல எனக்கு வேர்த்துடிச்சு. எந்தப் புடவைக்கு எந்தக் கலரு ஒத்துவரும்னு முதலாளியே வந்து கேக்கற ஆளு அது. தெருவுல ஒரு பஞ்சாயத்துன்னா தறியில உக்காந்துக்கினே தீர்ப்பு சொல்லும். சட்டைய புடிக்காம, குரல ஒசத்தாம சொல்லிச்சு: "இந்தத் தறி போச்சுன்னா இந்த வூட்ல நான் சோறாக்கற பொம்பள மட்டும்தான்டா, குமாரு."

முதலாளி சொன்ன நியாயம்

கால் முடியலன்னா கரண்டு தூக்கட்டும், இதுல என்ன இருக்குது? சின்னதா ஒரு மோட்டாரு, பட்டன தொட்டா சட்டம் மேல போவும். அங்கங்க வெச்சுக்கினுதான் இருக்கறாங்க. சந்தோஷமா முதலாளி கடைக்குப் போனேன். ஏசி ரூமு, வெள்ள மெத்தை, மனுஷன் வெத்தலைய மென்னுக்கினே கேட்டாரு. அக்கா கால் நெலமைய சொன்னேன். உச்சு கொட்டினாரு. மோட்டாருன்னு சொன்னதும் வெத்தல மெல்றது நின்னுப்போச்சு.

"யப்பா, ஆள் ஒருத்தர் மிதிச்சு தூக்கறத மோட்டாரு தூக்கப் போவுது. நெய்யறது அதே கைதானே முதலாளி"ன்னேன். அக்கா முட்டி தேஞ்சு போனா வேற முட்டி கடையில கெடைக்குமான்னும் கேட்டேன். அதுக்கு மட்டும் காது கேக்கல போலிருக்குது. டம்ளர்ல தண்ணி குடிச்சுட்டு, எனக்குப் பொறுமையா வெளக்கம் குடுத்தாரு: "கைத்தறின்னு சொல்லி விக்கறேன், கால்ல மோட்டார கட்டினா நான் என்னான்னு சொல்லி விக்கறது?"

நிக்காத சக்கரம்

கரண்டும் கூடாது, காலும் கூடாது. அப்புறம் என்ன, பிள்ளையாரா வந்து தூக்குவாரு? இப்பிடி தலைய பிச்சுக்கினு இருந்தப்பதான் விக்னேஷ் போன் பண்ணினான். இன்ஜினியரிங் முடிச்சுட்டு அப்பாவோட தறிங்கள பாத்துக்கற பையன், கல்யாணமே ஆயிடிச்சு. "அண்ணா, ஃப்ரீ எனர்ஜி! போன்ல வீடியோ பாத்து செஞ்சிருக்கறேன், ஒரு வாட்டி சுத்தி வுட்டா அதுவா ஓடிக்கினே இருக்கும், மிதியில கோத்துட்டா தேவகி அக்கா கால வெக்கவே தேவையில்ல"ன்னான். முங்கிப் போறவன் கைக்கு எது கெடைச்சாலும் புடிப்பான் இல்லியா, நானும் புத்தி கெட்டுப் போய் ஓடினேன்.

மாடியில ஒரு சைக்கிள் சக்கரம். கம்பிக்கு கம்பி நட்டு போல்ட்ட கட்டித் தொங்க வுட்டிருந்தான். ஒரு பக்கம் கனம் எறங்கும்போது இன்னொரு பக்கத்த தூக்கிடுமாம், அது எறங்கும்போது இத தூக்கிடுமாம். சுத்தி வுட்டான். ஜோரா சுத்திச்சு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுக்கினு சுத்திச்சு. அப்புறம் பின்னால வந்து, முன்னால போய், தள்ளாடி நின்னுடிச்சு. பேரிங்கு சரியில்லண்ணான்னு எண்ணெய வுட்டான். மறுபடி அதே கதை. "ஏன்டா, நீ குடுத்த ஒரு தள்ளு எவ்ளோ நேரம்டா தாங்கும்? உள்ள போட்டதுதானே வெளிய வரும்? நாலு வருஷம் என்னாத்தடா படிச்ச?"ன்னு எரிஞ்சு வுழுந்தேன். அவனுக்கே லேசா சந்தேகம் வந்துடிச்சு போல, போன எடுத்து அந்த வீடியோவ மறுபடி பாத்தான். பாத்துட்டு மெதுவா சொன்னான்: "அது நிக்கறதுக்குள்ள வீடியோ முடிஞ்சிடுதுண்ணா."

செவுத்துக்கு அந்தப் பக்கம்

அமாவாசை நெருங்கிக்கினே வருது. ஒண்ணும் தோணாம அக்கா வூட்டு தறிக்கு அடியில படுத்துக்கினு, எங்கயாவது உரசுதா, எண்ணெய் வுட்டா கொஞ்சமாச்சும் கொறையுமான்னு பாத்துக்கினு இருந்தேன். அக்கா வலியில பல்ல கடிச்சுக்கினு மிதிச்சு மிதிச்சு காட்டுது. தடால். எண்ணெய் வுடறேன். தடால். அப்ப வாசல்ல செருப்ப கூட கழட்டாம வந்து நின்னாரு ராஜசேகர் சாரு. அக்கா வூட்டுக்கும் அவரு வூட்டுக்கும் ஒரே செவுரு. அந்தப் பக்கம் அவரு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கறாரு.

"ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு நான் அங்க சொல்றேன், இங்கருந்து தடால்! உயரத்துல இருக்கற பொருளுக்கு நிலை ஆற்றல்ங்கறேன், தடால்! போர்டு மேல வெச்ச சாக்பீஸு கீழ வுழுது, பசங்க கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க!"ன்னு குதிக்கறாரு. எனக்கும் சுர்ருன்னு ஏறிடிச்சு. தறிக்கு அடியிலருந்து வெளிய வந்து, "சார், இந்தம்மா கால் போவுதேன்னு நாங்க தவிச்சுக்கினு இருக்கறோம், உங்களுக்கு சாக்பீஸு பெருசா போச்சா?"ன்னு நானும் கத்தினேன். அவரு வுடல. செவுத்துல கைய பளார்னு அடிச்சு பதிலுக்குக் கத்தினாரு: "அந்தம்மா கால்லருந்து மேல ஏறினது அத்தனையும் என் செவுத்துலதான்யா வந்து எறங்குது!"

ராட்டினம்

சாரு போயிட்டாரு. அவரு சொன்னது போவல. ஸ்பேனர கையில வெச்சுக்கினு அந்தச் செவுத்தயே பாத்துக்கினு நின்னேன். அக்கா ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வலிக்க வலிக்க சட்டத்த மேல தூக்குது. மேல இருக்கற வரைக்கும் அந்த பலம் சட்டத்துலதான் இருக்குது. கால எடுத்ததும் அத்தனையும் 'தடால்'னு ஒரே சத்தமா, அதிர்ச்சியா செவுத்துக்குள்ள போவுது. அடுத்த மிதிக்கு அக்கா முதல்லருந்து மறுபடி குடுக்கணும். இத்தன வருஷமா பெட்டிய கழட்டி மாட்டறேன், மேல போறத பத்தியே யோசிச்ச நான் கீழ வர்றத பத்தி யோசிக்கவே இல்லியே! வுழறப்ப வீணாப் போறத புடிச்சு வெச்சுக்கினா போதுமே. லிஃப்ட்டுக்குப் பின்னால ஒரு எடைய தொங்க வுட்டிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? இது எறங்கினா அது ஏறும், அது எறங்கினா இது ஏறும். அதேதான்.

அதுக்கு உரசாம சுத்தற நல்ல ராட்டினம் ஒண்ணு வேணும். கிணத்து ராட்டினம் மாதிரி வராது. ஆனா எங்க தெருவுல கிணறு ஏது, எல்லாம் போர்தான். வண்டிய எடுத்துக்கினு வாலாஜாபாத் வரைக்கும் போய், பழைய இரும்புக் கடையில துருப்பிடிச்ச குவியல கிளறி ஒண்ண கண்டுபுடிச்சேன். கடைக்காரரு பில்லு போடாம என்னயே மேலயும் கீழயும் பாத்தாரு. தறிக்குங்கன்னு சொன்னேன், நம்பல. கேலியா கேட்டாரு: "கிணத்த மூடிட்டு ராட்டினத்த வாங்கிக்கினு போறீங்களே, எதத்தான்பா எறைக்கப் போறீங்க?"

குழவி

எடைக்கு என்ன பண்றதுன்னு அக்கா வூட்ட சுத்திப் பாத்தேன். பின்கட்டுல ஆட்டுக்கல்லு குழவி சும்மா கெடந்துச்சு, மிக்ஸி வந்ததுலருந்து அதுக்கு வேலை இல்ல. கயித்துல கட்டி, ராட்டினத்துல வுட்டு, மறுமுனைய சட்டத்துல மாட்டினேன். கைய எடுத்ததும் குழவி கீழ எறங்கிச்சு, சட்டம் மேல போச்சு. ஆகா, மிதிக்காமயே தூக்கிடிச்சேன்னு நான் பூரிச்சு நிக்கறேன். போன சட்டம் போனதுதான். கீழ வர மாட்டேங்குது.

குழவி சட்டத்த வுட கனம், அவ்ளோதான் விஷயம். அக்கா மிதிய அழுத்திப் பாக்குது, வுட்டுப் பாக்குது, இழையெல்லாம் மேலயே நின்னுக்கினு எங்கள வேடிக்க பாக்குது. நான் ஏணி மேல ஏறி சட்டத்த புடிச்சு தொங்கறேன். அந்நேரம் பாத்து மணி அண்ணன் ஷிப்ட்டு முடிஞ்சு வந்தாரு. தறி மேல நானும், தறி பக்கத்துல குழவியும் தொங்கறத பாத்துட்டு நேரா உள்ள போய் படுத்துட்டாரு. அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துடிச்சு: "தூக்கறதுக்கு அழுதேன், இப்ப எறக்கறதுக்கும் அழணுமாடா பாவி?"

பக்கெட்டு

மறுநாள் ஒரு காலி பெயிண்ட்டு பக்கெட்டு எடுத்துக்கினு போனேன். எதிர் வூட்ல கட்டடம் கட்டறாங்க, அங்க மணல் வாங்கினேன். பக்கெட்டா, என் தறியில பக்கெட்டான்னு அக்கா ஒத்துக்கல. அப்புறம் அதுக்கு மஞ்ச தடவி, குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டினதுக்கப்புறம்தான் கட்ட வுட்டுச்சு. கொழம்புக் கரண்டியால மணல போட்டேன். மிதிக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் போட்டேன், மிதிக்கச் சொன்னேன். ஜாஸ்தியா போச்சுன்னா அள்ளினேன். சட்டத்த தானா கீழ வர வுடற அளவுக்குத்தான் பக்கெட்டு கனமா இருக்கணும், அதுக்கு மேல ஒரு பிடி கூட கூடாது.

ஒரு எடத்துல வந்து ஒத்துப்போச்சு. அக்கா கால வெச்சுச்சு, பக்கெட்டு எறங்கி சட்டத்துக்கு கை குடுத்துச்சு. கால எடுத்துச்சு, சட்டம் எறங்கி பக்கெட்ட மேல ஏத்தி வெச்சுச்சு. தடால் இல்ல. 'தொப்'புன்னு ஒரு சின்ன சத்தம், அவ்ளோதான். முன்ன மாதிரி வேகமா வுழாதுக்கா, கொஞ்சம் நிதானமாத்தான் எறங்கும், அத பொறுத்துக்கோ, எல்லாமே இனாமா கெடைக்காதுன்னு சொன்னேன். முட்டி இதால குணமாவாது, டாக்டரு சொன்ன மருந்த வுட்டுடாதன்னும் சொன்னேன். எதுவும் அது காதுல ஏறல. மிதிக்குது, வுடுது, மிதிக்குது, வுடுது. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. நல்லா இருப்பா தம்பின்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். முந்தானையில மூக்க தொடைச்சுக்கினு அக்கா சொன்னது இதுதான்: "இத முன்னாடியே பண்ணித் தொலைச்சிருந்தா என் முட்டி பொழைச்சிருக்கும் இல்ல?"

சத்தம் காணோம்

எங்க ஊர்ல யாரு வூட்ல வேலை நடக்குது, யாரு தூங்கறாங்கன்னு எட்டிப் பாக்கத் தேவையில்ல. தெருவுல நடந்துக்கினு போனா போதும், தடால் சத்தமே சொல்லிடும். அக்கா வூட்ல சத்தம் நின்னுப்போச்சா, யாரோ ஒரு புண்ணியவான் முதலாளி கிட்ட போய், தேவகி தறியிலருந்து எறங்கிட்டா, வூடே கப்புசிப்புன்னு இருக்குதுன்னு ஓதிட்டான். அமாவாசைக்கு முந்தின நாளு, நான் பக்கெட்டு கயித்த ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். வாசல்ல லோடு ஆட்டோ நிக்குது. பாவ அவுத்து ஏத்திக்கினு போறதுக்கு முதலாளி ரெண்டு ஆளோட வந்து எறங்கிட்டாரு. "முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம் இல்லம்மா, நான் என்ன ராட்சசனா"ன்னு பேசிக்கினே உள்ள நுழைஞ்சாரு.

நுழைஞ்சவரு அப்பிடியே நின்னாரு. அக்கா நெய்துக்கினு இருக்குது. புடவை முந்தி வரைக்கும் வந்துடிச்சு. நாடா போவுது, வருது, மேல பக்கெட்டு ஏறுது, எறங்குது. அக்கா திரும்பிக் கூட பாக்கல. "சத்தம் கேட்டாத்தான் வேலையா முதலாளி? வந்தது வந்தீங்க, அந்த ஜரிகைய எடுத்து இப்பிடி குடுங்க"ன்னுது. முதலாளி எடுத்துக் குடுத்தாரு. கூட வந்த ரெண்டு பேரும் சத்தமில்லாம ஆட்டோவுல போய் ஏறிக்கினாங்க.

அப்புறம் அவரு பக்கெட்ட சுத்தி சுத்தி வந்தாரு. மோட்டாரு எங்கயாவது ஒளிஞ்சுக்கினு இருக்குதான்னு ஏணி போட்டு ஏறிப் பாத்தாரு. மணல் முதலாளி, வெறும் மணல்னேன். புடவைய தடவிப் பாத்தாரு, ஒரு இழை கூட தப்பல. எனக்கு மனசுக்குள்ள மேளம் கொட்டுது. வாழ்க்கையில மொத தடவ ஒரு கஸ்டமரு என்ன மெச்சப் போறாருன்னு சட்டைய நீவி வுட்டுக்கினு நின்னேன். அவரும் என் தோள்ல கைய போட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கினு வந்து சொன்னாரு: "நம்ம எல்லாத் தறிக்கும் இதே மாதிரி கட்டிடு குமாரு, ஆனா அந்தத் தடால் சத்தம் மட்டும் வர்ற மாதிரி பாத்துக்கோ, இல்லன்னா எவன் வேலை செய்யறான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இத்தன வருஷமா அந்தச் சத்தம் தேவகி அக்கா முட்டியிலருந்துதான்யா வந்துக்கினு இருந்துச்சுன்னு அந்த மனுஷனுக்கு நீங்க யாராச்சும் போய் சொல்லுங்கப்பா, எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு.